இரண்டாவது பிளக் பாயின்ட்

பாப்பா,

கராஜில் மாட்டப்போகிற கேமராவின் ஹீட்டருக்கு 12 வோல்ட் அடாப்டர் போதுமா என்று நீ நேற்று ராத்திரி கேட்டதற்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் அடிக்க ஆரம்பித்தேன், பாதியிலேயே விரல் வலி எடுத்துவிட்டது, அதனால் உன் பழைய லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். முழுசாகப் படி. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "சரிம்மா" என்று போடாதே, இப்போதெல்லாம் உன்னிடமிருந்து அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீ வாங்கி வைத்திருக்கும் 12 வோல்ட் அடாப்டரால் இந்த வேலை ஆகாது. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேமரா ஹவுசிங்கின், அதாவது கேமராவை வைக்கிற பெட்டியின், உள்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் 24 வோல்ட் ஏசி, 36 வாட் என்று இருக்கிறது, அது ஹீட்டருக்கு. கேமரா தனி, நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும் ரகம், 7 வாட். 24 வோல்ட் ஹீட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் பாதிச் சூடாவது வரும் என்று நினைத்திருப்பாய். பாதி இல்லை, கால்தான். வோல்ட் பாதியானால் ஆம்பியரும் பாதியாகும், 36 வாட் 9 வாட் ஆகிவிடும். நம் வீட்டு நடையில் எரிந்த ஜீரோ வாட் பல்பே 15 வாட் எடுக்கும், 9 வாட்டை வைத்துக்கொண்டு வின்னிபெக்கில் மைனஸ் 30ஐ எப்படிச் சமாளிப்பாய்? உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் ஏசி கரண்டில் ஓடுவதாக இருந்தால், டிசி கொடுக்கிற அந்த அடாப்டரில் சுற்றவும் சுற்றாது. கேமராவின் லேபிளில் மைனஸ் 10 வரைதான் போட்டிருக்கிறார்கள், கவனித்தாயா?

அடுத்து 12 வோல்ட் ஹீட்டராகவே ஒன்று வாங்கி, வீட்டிலிருந்து ஒயர் இழுத்துவிடலாமா என்று கேட்பாய், எனக்குத் தெரியாதா உன்னை. வீட்டுக்கும் கராஜுக்கும் 30 மீட்டர் என்றாய். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 30 மீட்டர் போய் 30 மீட்டர் திரும்பி வந்தால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்குக் கொஞ்சம் மேல். 12 வோல்ட்டில் 36 வாட் ஹீட்டரை அந்தக் கம்பியின் கடைசியில் மாட்டினால் அதற்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய ஒன்பதரை வோல்ட்தான், சூடு 22 வாட், மிச்சமெல்லாம் வழியிலேயே போய்விடும். அதே கம்பியில் 24 வோல்ட் ஹீட்டர் என்றால் 31 வாட்டுக்கு மேல் வந்துவிடும். அதே வாட் ஹீட்டருக்கு வோல்ட் ஏற ஏற ஆம்பியர் குறையும், ஆம்பியர் குறைந்தால் கம்பி தின்பது குறையும், அவ்வளவுதான் சங்கதி.

இதைத்தான் நாங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தோம். 2 வோல்ட் செல் 24, வரிசையாக, மொத்தம் 48 வோல்ட். கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கிற வீட்டு போனுக்கும் அந்தக் கரண்ட்தான் மெல்லிசு கம்பியில் போய்ச் சேரும். அதிலும் பாசிட்டிவை எர்த் பண்ணி வைப்போம், பூமிக்குள் கேபிளின் செம்பு அரிக்காமல் இருக்க. இப்போது நீ பெரிய புதுமை மாதிரி சொல்கிற பிஓஇ இருக்கிறதே, நெட்வொர்க் கேபிளில் கரண்ட் அனுப்புவது, அதுவும் ஏறக்குறைய அதே 48 வோல்ட்தான். 2003ல் வந்த முதல் விதியில் ஸ்விட்ச் பக்கம் 15.4 வாட் கொடுத்தால் கேமரா பக்கம் 12.95 வாட் நிச்சயம், நடுவில் உள்ளதைக் கேபிளுக்கு என்று விட்டுவிட்டார்கள், 100 மீட்டர் வரை. 2009ல் 30 வாட் ஆக்கினார்கள், 2018ல் 90 வரை போய்விட்டார்கள். உன் கேமராவுக்கு முதல் வகையே தாராளம். ஹீட்டரையும் அதிலேயே ஏற்றுவதென்றால் 43 வாட், அதற்கு 2018 ரகம் வேண்டும், பெட்டியும் அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். உன்னுடையது அப்படி இல்லை. எலெக்ட்ரிக்கல் எடு எடு என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன், கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றாய். சரி, எடுத்தாய், நன்றாகவும் வந்தாய், நான் குறை சொல்லவில்லை.

ஆக, கேமராவுக்கு வீட்டுக்குள்ளிருந்து நெட்வொர்க் கேபிள். ஹீட்டருக்குத் தனி லைன், கராஜுக்குள்ளேயே 120 வோல்ட்டை 24 ஆகக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து நாலைந்து மீட்டர் ஒயர், முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் 75 விஏ (வோல்ட்-ஆம்பியர், அது எவ்வளவு தாங்கும் என்கிற கணக்கு) இருக்கட்டும், 40 வாங்கி ஓரத்தில் ஓட்டாதே. அப்பா இம்பீரியல் ரோட்டில் ஒன்று வாங்கி பார்சல் போடட்டுமா என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இங்கே கிடைப்பது 230க்கு 24, உன் ஊர் 120ல் மாட்டினால் பன்னிரண்டரை வோல்ட்தான் வரும், திரும்பவும் அதே கதை என்று சொல்லி உட்கார வைத்தேன். அங்கேயே வாங்கு, அந்த ஊர் பாதுகாப்பு முத்திரை சிஎஸ்ஏ இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

அப்புறம் அந்த பிளக் பாயின்ட். கராஜ் வெளிச்சுவரில் கார் எஞ்சின் ஹீட்டருக்கு இரண்டு பாயின்ட் இருக்கிறது, இரண்டாவது சும்மாதான் கிடக்கிறது, டிரான்ஸ்ஃபார்மரை அதில் மாட்டட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். பனியில் நனையும், அந்த மாதிரி பாயின்ட்டுக்கு டைமர் போட்டிருந்தாலும் போட்டிருப்பார்கள், அப்படியென்றால் ராத்திரி கேமராவுக்கு வேண்டுகிற நேரத்தில் அணைந்து கிடக்கும். அதுவும் போக அது மாப்பிள்ளை காருக்கு உள்ளது. அவர் வந்து காரை நிறுத்தினால் எங்கே மாட்டுவார்? அதை அவருக்கே விட்டு வை. கராஜுக்கு உள்ளே பாயின்ட் இருந்தால் அதில் மாட்டு, இல்லாவிட்டால் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடச் சொல், கரண்ட் கசிந்தால் தானே அணைந்துகொள்ளுமே, நம்ம ஊரில் இஎல்சிபி என்போமே, அங்கே ஜிஎஃப்சிஐ, அதோடு சேர்த்து. 120 வோல்ட் பக்கம் நீ கை வைக்காதே. 24 வோல்ட் பக்கம் நீயே செய்துகொள்ளலாம், அதுகூடத் தெரியாவிட்டால் என் வயிற்றில் பிறந்ததற்கு என்ன அர்த்தம்.

ஏணியில் நீ தனியாக ஏறக்கூடாது. இதை இன்னும் இரண்டு தடவை சொல்வேன். மாப்பிள்ளை பிடித்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

யுபிஎஸ் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல யோசனை, ஆனால் கேமராவை மட்டும் அதில் போடு. 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி என்றால் கணக்குப்படி 84 வாட் அவர், 7 வாட் கேமரா 12 மணி நேரம் ஓட வேண்டும், நிஜத்தில் 8 மணி நேரம் என்று வைத்துக்கொள். ஹீட்டரையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. கரண்ட் போனாலும் கேமரா தன் சூட்டில் கொஞ்ச நேரம் சமாளிக்கும். இரண்டும் அணைந்து பெட்டி உறைந்துவிட்டால் மட்டும், கரண்ட் வந்ததும் ஹீட்டரை முதலில் அரை மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் கேமராவைப் போடு. யுபிஎஸ் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். குளிரில் லெட் ஆசிட் பேட்டரிக்குத் தெம்பு குறைந்துவிடும், லித்தியமாக இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது.

பேட்டரி என்றதும் தானே புயல் ஞாபகம் வருகிறது, 2011 டிசம்பர் 30. நீ பிளஸ் டூ. கடலூரே இருட்டு, முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்து கிடக்கிறது, உன்னை வீட்டில் தனியாக விட மனசில்லாமல் எக்ஸ்சேஞ்சுக்கே கூட்டிக்கொண்டு போனேன். பேட்டரி ரூமில் நான் ஆசிட் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்ல நீ நோட்டில் எழுதினாய், ஒரு செல் நம்பர்கூடத் தப்பவில்லை, எங்கள் ஆபீசர் ஜேடிஓ உன் கையெழுத்தைப் பார்த்து யாரம்மா இது என்று கேட்டார். அப்போது இருட்டைக் கண்டு பயப்படாத பெண் நீ. இப்போது கராஜ் பக்கம் இருட்டாக இருக்கிறது, அதான் கேமரா என்கிறாய். சரி. இருட்டாகத்தான் இருக்கும், நவம்பரில் உங்கள் ஊரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அதே வீட்டில்தான் போன குளிர்காலமும் இருந்தீர்கள், அப்போது கேமராப் பேச்சே வரவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, சொன்னேன், அவ்வளவுதான்.

புதுச்சேரி அத்தை போன வாரம் வந்திருந்தாள். பேச்சோடு பேச்சாக மாப்பிள்ளை எப்படி இருக்கிறார், தீபாவளிக்கு போன்கூட இல்லையே என்றாள். வேலை மாற்றம், வேறு ஊரில் டிரெய்னிங் என்று நானே சொல்லிவிட்டேன். வாயில் அப்படி வந்துவிட்டது. நீ அவளிடம் பேசினால் அதையே சொல், மாற்றிச் சொல்லாதே. அப்பா அவருக்கு அனுப்பிய தீபாவளி வாழ்த்து இன்னும் ஒரு டிக்கிலேயே நிற்கிறது. நெட்வொர்க் கோளாறு என்று அப்பா நம்புகிறார். டெலிபோனில் வேலை பார்த்தவள் நான், என்னிடமே நெட்வொர்க் கோளாறு என்கிறார்.

கேபிள் விஷயம் பாக்கி. வெளியே போடும் ரகமாக வாங்கு, சாதாரண பிவிசி குளிரில் விறைத்து வெடித்துவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று செம்பு பூசிய அலுமினியம் வாங்காதே, முழுச் செம்பாக இருக்க வேண்டும். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் போவதால் மின்னல் சமயத்தில் திடீரென்று பாய்கிற கரண்டைத் தடுக்க இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் வேண்டும். 120 வோல்ட் ஒயர் போகிற பைப்பில் இதைச் சேர்த்து நுழைக்காதே. பெட்டிக்குள் கேபிள் கீழ்ப்பக்கமாக ஏறட்டும், ஏறுவதற்கு முன் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்து விடு, தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே போடு, இல்லாவிட்டால் கண்ணாடியில் வியர்த்து உறைந்துவிடும். ஹீட்டர் ராப்பகலாக ஓடினாலும் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்கூட ஆகாது, பில்லுக்குப் பயந்து அணைத்து அணைத்துப் போடாதே. இங்கே எதிர்வீட்டில் மாட்டின கேமரா கடற்காற்றில் ஒரே வருஷத்தில் அடாப்டர் முனை பச்சை பூத்துப் போய்விட்டது. உனக்கு உப்புத் தொல்லை இல்லை.

இங்கே அடைமழை. கெடிலத்தில் தண்ணீர் நன்றாகப் போகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை, அவரிடம் ஒரு தடவை பேசு, என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாதே. நீ அனுப்பின பணம் வந்தது. இந்தத் தடவை ஏன் உன் கணக்கிலிருந்து மட்டும் வந்திருக்கிறது என்று அப்பா கேட்டார். அடுத்த மாசம் அனுப்ப வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மருக்கு எலெக்ட்ரீஷியனுக்கு என்று செலவு இருக்கிறது. பென்ஷன் வருகிறது, எங்களுக்கு என்ன குறை.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, பவர் போடுவதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மர் லேபிளை போட்டோ எடுத்து அனுப்பு. மல்டிமீட்டரை ஏசியில் வைத்து வோல்ட் பார், லோடு இல்லாமல், அதாவது ஹீட்டரை இணைக்காமல் பார்த்தால், 24க்குக் கொஞ்சம் கூடத்தான் காட்டும், பயப்படாதே. ஏணி வைக்கிற அன்றைக்கு வீடியோ கால் போட்டு போனைக் கராஜ் சுவரில் சாய்த்து வை. உனக்கு மத்தியானம் 12 என்றால் எனக்கு ராத்திரி 11:30, முழித்துத்தான் இருப்பேன். பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாவைக் கூப்பிட்டு ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல். தனியாக ஏறாதே.

அம்மா

பின்குறிப்பு: என் பாஸ்போர்ட் 2031 வரை இருக்கிறது, அப்பாவுடையதும்தான். விசாவுக்கு அழைப்புக் கடிதத்தை மாப்பிள்ளைதான் எழுத வேண்டும் என்று இல்லையாம், நீ ஒருத்தி எழுதினாலே போதுமாம். இன்டர்நெட்டில் பார்த்தேன்.