அக்கார்டியன் வாசிப்போரைக் கலைஞர்களாகப் பதிவுசெய்யவும், கருவி பழுதுநீக்கப் பயிற்சி அளிக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்ட அக்கார்டியன் வாசிப்பாளர்கள்
(பெயர்களும் கையொப்பங்களும் இணைப்பில்),
பாளையங்கோட்டை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கலை பண்பாட்டுத் துறை,
எழும்பூர், சென்னை 600 008.

வழி: உதவி இயக்குநர் அவர்கள், மண்டலக் கலை பண்பாட்டு மையம், திருநெல்வேலி.

பொருள்: மெல்லிசை மேடைகளிலும் சமய விழாக்களிலும் அக்கார்டியன் வாசிப்போருக்குக் கலைஞர் பதிவு, அடையாள அட்டை, முதுமைக்கால உதவி, கருவி பழுதுநீக்கப் பயிற்சி ஆகியவை வேண்டி மனு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தென்மாவட்டங்களில் கோயில் கொடை விழாக்கள், திருமண வரவேற்புகள், தேவாலயப் பண்டிகைகள் ஆகியவற்றில், தோளில் மாட்டி வாசிக்கும் துருத்திக் கருவியான அக்கார்டியன் வாசித்துக் குடும்பம் நடத்திவரும் நாங்கள், இக்கருவியை வாசிப்பவரும் கலைஞர்தாம் என்று அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதன்வழி மற்றக் கலைஞர்களுக்குக் கிடைக்கும் உதவிகள் எங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டு இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்கு அளிக்கிறோம்.

எங்களில் மூத்தவர் ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், நலிந்த கலைஞர்களுக்கான மாத நிதியுதவிக்கு விண்ணப்பிக்க விரும்பி ஓர் அலுவலகத்துக்குச் சென்றார். துணைக்கு எங்களில் இருவர் போயிருந்தோம். அங்கிருந்த அலுவலர் மரியாதையாகவே பேசினார், ஆனால், “உங்களுடையது நாட்டுப்புறக் கலையா, செவ்வியல் இசையா?” என்று அவர் கேட்டபோது பெரியவருக்குச் சொல்லத் தெரியவில்லை. “கச்சேரி வாசிப்பேன், சார்” என்றார். கலைப்பிரிவு என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று முடிவாகாமலே விண்ணப்பம் அவர் கைக்குத் திரும்பி வந்தது. நிகழ்ச்சிகளுக்கான ஆதாரமாக அவர் கொண்டுபோயிருந்த பழைய கொடை நோட்டீசுகளும் பயன்படவில்லை. ஏனென்றால் அவற்றில் குழுவின் பெயர் பெரிய எழுத்திலும் பாடகர்களின் பெயர்கள் அதற்குக் கீழேயும் இருந்தனவே தவிர, வாசித்தவர்கள் எல்லாரும் ‘இசைக்குழுவினர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போயிருந்தார்கள். வாழ்நாள் முழுதும் மேடையில் இருந்த ஒருவருக்கு, மேடையில் இருந்ததற்கு ஒரு துண்டுத்தாள் சாட்சிகூட இல்லை. இது அவர் ஒருவருடைய நிலை அன்று. இம்மனுவில் கையொப்பமிட்டுள்ள எல்லாருடைய நிலையும் இதுவே.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கை இது: மெல்லிசைக் கருவி வாசிப்போரை, குறிப்பாக அக்கார்டியன் கலைஞர்களை, எந்தக் கலைப்பிரிவின்கீழ் ஏற்பது என்பதைத் தெளிவாக்கி மாவட்டங்களுக்கும் மண்டல மையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அத்துடன், அச்சிட்ட நோட்டீசில் பெயர் இல்லாதவர்களுக்குக் குழுத்தலைவரின் கடிதம், கோயில் விழாக்குழுவின் கடிதம், பங்குத்தந்தை அல்லது சேகரகுருவின் கடிதம் ஆகியவற்றைச் சான்றாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஐயம் எழுமானால் நேரில் வாசிக்கச் சொல்லிச் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு நாங்கள் மனமுவந்து உடன்படுகிறோம்.

எங்கள் ஆண்டு எப்படிக் கழிகிறது என்பதைச் சொன்னால்தான் இந்தக் கோரிக்கையின் அவசரம் விளங்கும். தை, மாசியில் திருமண வரவேற்புகள் வரும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களில் குடும்பங்கள் கூடும்போது சில கச்சேரிகள் அமையும். சித்திரை, வைகாசியில் கொடைகளும், கிறிஸ்தவ ஊர்களில் அசன விழாக்களும், அதாவது பொது விருந்து விழாக்களும், வரும். ஆடியில் திருமணம் கிடையாது என்றாலும் அம்மன் கோயில் கொடைகள் உண்டு. அதே நாட்களில், ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை, தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவும் நடக்கும். கொடையில் வில்லுப்பாட்டுக்கு ஓர் இடம், கணியான் கூத்துக்கு ஓர் இடம், நையாண்டி மேளத்துக்கு ஓர் இடம் என்று இருப்பதுபோல மெல்லிசைக் கச்சேரிக்கும் ஓர் இரவு உண்டு. முன்னவை மூன்றும் நாட்டுப்புறக் கலைகள் என்று மதிக்கப்படுவதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியே. அதே பந்தலில், அதே ஊரார் வரிப்பணத்தில், அதே மக்கள் முன்னால் வாசிக்கும் எங்களுக்கு மட்டும் பெயர் இல்லை என்பதே எங்கள் வருத்தம்.

மார்கழியில் திருமணமும் இல்லை, கொடையும் இல்லை. அப்போது எங்களுக்குச் சோறு போடுவது கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ். வீடுவீடாக, தெருத்தெருவாக விடியும்வரை நடக்கும் அந்தப் பவனியில், தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே வாசிக்கவும் மின்சாரம் இல்லாமல் முழு இசை தரவும் மிகவும் ஏற்ற கட்டைக் கருவி இதுவே. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து பாடிவரும் கீர்த்தனைகளைத் தெருமுனையில் நின்று பாடுவோர்க்குச் சுருதியும் தாளமும் சேர்த்துக் கொடுப்பவர் அக்கார்டியன்காரர்தான். இசக்கியம்மன் கொடையில் அம்மன் பாட்டு வாசித்தவரே டிசம்பரில் ஞானப்பாட்டு வாசிக்கிறார். வாசிப்பவர் எந்தச் சமயத்தவர் என்று இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்பதில்லை. இப்படி ஊர்களை இணைக்கும் ஒரு கலை வாழ்க்கை எங்கள் மாவட்டங்களில் ஓசையில்லாமல் நடந்துவருவதைத் துறை கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது ஒரு சித்திரையும் ஓர் ஆடியும் முழுதாகப் போயின. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவுபெற்ற கலைஞர்களுக்கு அரசு நிவாரணம் வழங்கியது. பதிவே இல்லாத எங்களுக்கு எதை வைத்து வழங்குவார்கள்? எங்களில் சிலர் கருவியை விற்றுவிட்டுக் கட்டட வேலைக்கும் காவலாளி வேலைக்கும் போனார்கள். போனவர்களில் எல்லாரும் திரும்பவில்லை. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியை நாங்கள் மதிக்கிறோம். நோயாளிகளும் படிக்கும் பிள்ளைகளும் இருக்கும் ஊரில் அது தேவைதான். எனினும் விடியவிடிய நடந்த கச்சேரி மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டியதான பிறகு, குழுக்கள் ஆட்களைக் குறைத்தபோது முதலில் நிறுத்தப்பட்டவர் பெரும்பாலும் அக்கார்டியன் வாசிப்பவராகவே இருந்தார் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறோம்.

“கீபோர்டிலேயே அந்தச் சத்தம் வருகிறதே” என்பது எங்கள் காதில் அடிக்கடி விழும் பேச்சு. கீபோர்டு வாசிப்பவர்கள் எங்கள் தோழர்கள். அவர்களைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு எண்ணமில்லை. ஆனால் அக்கார்டியனில் ஒலியைப் பிறப்பிப்பது இடது கையால் இழுத்து மூடும் பெல்லோஸ் என்னும் காற்றுத் துருத்தி. ஒரே சுரத்தைப் பிடித்தபடி அதை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மீண்டும் அடக்குவது அந்தக் கையின் வேலை. எந்த இடத்தில் பெல்லோஸைத் திருப்பினால் பாட்டின் வரி அறுபடாது என்று முன்கூட்டியே நினைத்து வாசிக்க வேண்டும். பாடகர் எந்த இடத்தில் மூச்செடுப்பது என்று பார்த்துப் பாடுவதைப் போன்றது அது.

இது அயல்நாட்டுக் கருவி, இதற்கு எதற்கு அரசு ஆதரவு என்ற கேள்வி எழக்கூடும். உண்மைதான், 1829ஆம் ஆண்டு வியன்னாவில் சிரில் டெமியான் காப்புரிமை பெற்ற கருவி இது. ஆனால் பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்த வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. இன்று நமது மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், மிருதங்கம் ஆகியவற்றோடு வயலினும் ஒரு பாடம். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டையும், யு. ஸ்ரீனிவாஸ் மாண்டலினையும், கத்ரி கோபால்நாத் சாக்சபோனையும் நம்முடையவை ஆக்கினார்கள். ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கிவைத்து 1971இல்தான் தளர்த்தியது; அதற்கிடையிலும் நாடக மேடை அதைக் கைவிடவில்லை. அக்கார்டியனில் சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் பிடிப்பது அரிது என்பதை நாங்களே ஒப்புக்கொள்கிறோம்; ஆகவே கர்நாடக இசை மேடையை நாங்கள் கேட்கவில்லை. எங்கள் மேடை மெல்லிசை மேடை. எம்.எஸ். விஸ்வநாதன் இசைக்குழுவில் மங்களமூர்த்தி வாசித்ததையும், மும்பைத் திரையிசையில் கூடி சீர்வாய், ஈனாக் டேனியல்ஸ் போன்றோர் வாசித்ததையும் இலங்கை வானொலியில் கேட்டுக்கேட்டு எங்கள் ஆசான்கள் பாடம்செய்தார்கள். அவர்களிடமிருந்து எங்களுக்கு வந்தது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு மக்கள், ஜெர்மனியிலிருந்து வந்த இதே இனக் கருவியைத் தங்கள் வல்லேநாத்தோ இசைக்கு உயிராகக் கொண்டு, வல்யேதுபார் நகரில் 1968 முதல் அக்கார்டியன் போட்டி விழா நடத்துகிறார்கள். அவ்விசையை 2015இல் யுனெஸ்கோ உடனடியாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

அடுத்து, கருவியைப் பற்றி. பதிவு கிடைத்தாலும் வாசிக்கக் கருவி இல்லாமல் போகுமோ என்பது எங்கள் பெரிய அச்சம். நாங்கள் வைத்திருக்கும் ஹோனர், வெல்ட்மைஸ்டர், பேரட் கருவிகளில் மிகப்பல, முந்தைய தலைமுறையிடமிருந்து கைமாறி வந்தவை. 120 பாஸ், அதாவது இடது கைக்கு 120 பொத்தான்கள், கொண்ட கருவியொன்றின் உள்ளே ஒவ்வொரு சுரத்துக்கும் எஃகு நாக்குகள், அதாவது ரீடுகள், உலோகத் தகட்டில் பொருத்தப்பட்டிருக்கும். பெல்லோஸை இழுக்கும்போது ஒன்றும் மூடும்போது மற்றொன்றும் பேசும். காற்று தவறான பக்கம் போகாதிருக்க மெல்லிய தோல் ஒட்டப்பட்டிருக்கும். தகடுகள் மரக்கட்டையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த கலவையால் பதிக்கப்பட்டிருக்கும். சித்திரை வெயிலில் மைக்செட் வண்டியின்மேல் கட்டிக்கொண்டு போகும்போது அந்த மெழுகு இளகித் தகடு நழுவும். மணப்பாடு, உவரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு எஃகு துருவேறிச் சுருதி விலகும். தோல் சுருண்டால் இரைச்சல் வரும். பெல்லோஸின் மூலைகளில் காற்றுக் கசிந்தால் வாசிப்பவரின் தோள்தான் அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும்.

இவற்றைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் எங்கள் பகுதியில் ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டன. ஆர்மோனியம் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல வேலைக்காரர்கள். ஆனால் அவர்களுக்குப் பழகியது பித்தளை ரீடு. நாக்கின் நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும் என்பது இரண்டுக்கும் பொதுவே; எஃகில் அந்த அரம் எவ்வளவு மெல்லப் பட வேண்டும் என்பது தனியே கற்க வேண்டியது. ஒருமுறை மிகையாகச் சுரண்டிவிட்டால் அந்த ரீடு போனதுதான். ஆகவே திருநெல்வேலி மண்டல மையத்திலோ மாவட்ட அரசு இசைப்பள்ளியிலோ, ஆர்மோனியம் பழுதுபார்க்கும் இளைஞர்கள் சிலரைத் தேர்ந்து, தேர்ந்த கைவினைஞரை வரவழைத்துப் பயிற்சி அளித்து, அரம், ரீடு, மெழுகு, தோல் ஆகியவை அடங்கிய ஒரு கருவித்தொகுப்பையும் வழங்க வேண்டுகிறோம். பெரிய செலவில்லாத இந்த ஒன்றைச் செய்தால், பரண்களில் கிடக்கும் கருவிகள் பல மீண்டும் பேசும். மேலும், இசைக்கருவி வாங்க அளிக்கப்படும் நிதியுதவியில் பழைய கருவியை வாங்குவதையும் பழுதுநீக்குவதையும் சேர்க்க வேண்டும். மற்றொரு கலைஞரிடம் வாங்கும் கருவிக்குக் கடை ரசீது இருக்காது என்பதால் விற்பவரின் உறுதிமொழிக் கடிதத்தை ஏற்க வேண்டும்.

கருவியைப்போலவே வாசிப்பும் மறைந்துகொண்டிருக்கிறது. இடது கைப் பொத்தான்களை வாசிப்பவரால் பார்க்க முடியாது. ‘சி’ பொத்தானின் நடுவே ஒரு சிறு குழி இருக்கும். விரல் அதைத் தடவி இடம் கண்டுகொண்டு, மற்றப் பொத்தான்களுக்குக் கணக்குப் போட்டுப் போகும். மேலே சொன்ன பெரியவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் பெட்டியைத் தோளில் ஏற்றியதும் அவர் விரல் நேரே அந்தக் குழியில் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். பாட்டின் இடையிசைகளை எந்தக் குறிப்பும் இல்லாமல் அவர் வைத்திருக்கும் விதம் எங்களில் இளையவர்களுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இத்தகைய மூத்தவர்களின் வாசிப்பை, இரண்டு கைகளும் தெளிவாகத் தெரியும்படி, ஒலி ஒளிப்பதிவாக்கி மண்டல மையத்தில் வைக்க வேண்டும். தேவாலயப் பாடகர் குழுக்களில் பெண்பிள்ளைகளும் இக்கருவியைக் கற்க முன்வருகிறார்கள். இசைப்பள்ளியில் வாரம் ஒரு மாலை வகுப்புக்கு இடம் தந்தால் கற்பிக்க எங்களில் பலர் ஆயத்தமாக உள்ளோம். சென்னை சங்கமம் போன்ற அரசு விழாக்களிலும் மாவட்டக் கலை விழாக்களிலும் மெல்லிசை அக்கார்டியனுக்கு ஒரு நிகழ்ச்சி ஒதுக்கப்பட்டால் பேருதவியாக இருக்கும்.

இவற்றுள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற நிதி இடம்தராது என்றால், சுற்றறிக்கையையும் மூத்தவர்களுக்கான மாத உதவியையும் முதலில் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அவர்களுக்குக் காத்திருக்க நாள் அதிகம் இல்லை. கலைஞர்களின் பெயர், வயது, வாசித்துவரும் குழு அல்லது ஆலய விவரம், ஆதார் நகல், குழுத்தலைவர்கள் மற்றும் விழாக்குழுக்களின் கடிதங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம். ஆடி பிறந்துவிட்டால் கொடைகளுக்குப் பிரிந்துபோய்விடுவோம் என்பதால், அதற்கு முன்பாகத் திருநெல்வேலி மண்டல மையத்தில் ஒரு நாள் குறித்துத் தந்தால், நாங்கள் அனைவரும் கருவிகளுடன் வந்து தங்கள் அலுவலர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டுவோம்.

இம்மனுவைக் கனிவுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்ட அக்கார்டியன் வாசிப்பாளர்கள்

இடம்: பாளையங்கோட்டை
நாள்: 12.06.2025