மருந்து நாளைத் தள்ளிப் போடாதே

உறையூர்,
ஐப்பசி.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவின் கண் புரை அறுவை நல்லபடியாக முடிந்து, தூரத்தில் வரும் பேருந்தின் எண்ணைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். மழை தொடங்கிவிட்டது. அக்கா போன வாரம் வந்து தங்கிவிட்டுப் போனாள். அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். வாரந்தோறும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். தொலைபேசியில் "நல்லா இருக்கேம்மா" என்று நீ சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் எழுவதில்லை; கேட்கப் போனால் அப்பா கண்ணாலேயே தடுத்துவிடுகிறார். எழுத்தில் அந்தத் தடை இல்லை.

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பச்சை நோட்டு கைக்கு வந்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை உனக்கு ஏற்றும் மருந்தின் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் தொகுதி எண் உள்ள ஒட்டுச்சீட்டை நகத்தால் உரித்து நீயே ஒட்டி வந்தாயே, அதே நோட்டுத்தான். நீ டெல்லிக்குப் போன பிறகு அனுப்பும் படங்களைப் பார்த்து அப்பா எண்களைத் தம் கையெழுத்தில் எழுதி வருகிறார். ஆகஸ்டு மாதத்துக்கு உரியவை எழுதப்பட்டிருக்கின்றன. செப்டம்பரின் பக்கத்தில் தேதியை மட்டும் எழுதிவைத்துக் காத்திருக்கிறார். அக்டோபரும் முடியப் போகிறது. வேலை மும்முரத்தில் படம் அனுப்ப மறந்திருப்பாய் என்று நான்தான் அவருக்குச் சமாதானம் சொன்னேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியபோது நடுநடுவே உன் பக்கத்துச் சத்தம் அடியோடு நின்று போயிற்று. சிக்னல் சரியில்லை என்றாய். சிக்னல் போனால் பேச்சு உடைந்து உடைந்துதான் வரும், தம்பி; இப்படி ஒரேயடியாக அடங்காது. பக்கத்து அறையில் நீ இருமினாலே அது தொண்டை இருமலா, நெஞ்சிலிருந்து வரும் இருமலா என்று சொல்லிவிடக் கூடியவளிடமிருந்து தொலைபேசியின் ஒலியை அடக்கிவிட்டு நீ இருமலை மறைக்கிறாயோ என்று நினைத்து அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

உனக்குத் தெரியாத எதையும் நான் எழுதப் போவதில்லை. தெரிந்தவற்றைத்தான் மறுபடியும் எழுதுகிறேன். எக்ஸ்-இணைந்த அகாமாகுளோபுலினீமியா என்ற பிறவி நோயினால் உன் உடம்பில் பி செல்கள் இல்லை. ஆகவே கிருமிகளோடு போராடும் எதிர்ப்புப் புரதத்தை உன் உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ளாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின்தான் உன்னைக் காக்கிறது. ஏற்றிய அளவு ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் நான்காவது வாரம் என்பது நாமாக வசதிக்கு வைத்துக்கொண்ட நாள் அல்ல. மருந்து ஏற்றுவதற்கு முன் எடுக்கும் இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு, ஒரு டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் போதும் என்று சிலருக்குச் சொல்வார்கள். நுரையீரலில் ஏற்கெனவே பழுது உள்ள உனக்கு 800க்குக் கீழே இறங்க விடக் கூடாது என்று மருத்துவர் உன்னை எதிரில் உட்காரவைத்தே சொன்னார். டெல்லி சென்றபின் எடை கூடியிருக்கிறாய், படத்தில் தெரிகிறது, எனக்கு மகிழ்ச்சி. ஒரு கிலோ எடைக்கு 400 முதல் 600 மில்லிகிராம் என்பது கணக்கு என்பதால், எடை கூடினால் மருந்தும் கூட வேண்டும். பழைய சீட்டில் இருக்கும் அளவையே தொடராமல் புதிதாக எழுதி வாங்கிக்கொள்.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இரண்டு வாரம் கழித்துப் போட்டுக்கொண்டால் என்ன" என்று உனக்குத் தோன்றியிருக்கலாம். நன்றாக இருப்பதே அந்த மருந்தினால்தான். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் உள்ளவரை குழாயில் குறைவில்லாமல்தான் வரும். மோட்டார் போடவில்லை என்பது தொட்டி வற்றிய பிறகுதான் தெரியும். கல்லூரி இரண்டாம் ஆண்டில் தேர்வைக் காரணம் காட்டி ஒருமுறை தள்ளிப் போட்டாய். அதன்பின் வந்த நிமோனியாவில் எத்தனை நாள் படுத்திருந்தாய் என்பதை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

நுரையீரலைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. உன் இடது கீழ் மடலில் மூச்சுக்குழாய்கள் அகன்று தளர்ந்துவிட்டன. அங்கே தேங்கும் சளி தானாக மேலேறி வராது. தேங்கிய சளியில் கிருமி பெருகும், கிருமி பெருகப் பெருகக் குழாய் மேலும் அகலும். போன பகுதி போனதுதான், அதை எந்த மருந்தும் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்றுவது மட்டும் நம் கையில் இருக்கிறது. நோய் இன்னதென்று தெரியாமல் கழிந்த உன் முதல் நான்கு வயதில் வந்த கேடு அது. காசநோய் என்று முடிவுகட்டி ஓரிடத்தில் ஆறு மாத மருந்து கொடுத்தார்கள். அதைக் கசப்போடு விழுங்கிய குழந்தையின் முகம் எனக்கு மறக்கவில்லை. பிறகு மலைக்கோட்டை விரைவு வண்டியில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பூருக்குப் போனோம். அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு மருத்துவர் டார்ச் அடித்து உன் தொண்டையைப் பார்த்து, இத்தனை முறை தொற்று வந்த பிள்ளைக்கு டான்சில் எங்கே என்று கேட்டார். பி செல்கள் இல்லாவிட்டால் டான்சில் வளராதாம்; அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தெரியவந்தது. 1952இலேயே ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் இந்நோயைக் கண்டறிந்து, உனக்கு ஏற்றும் அதே வகை மருந்தான காமா குளோபுலினைச் செலுத்தித் தேற்றியிருக்கிறார் என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு உன் சின்ன மாமாவின் நினைவு வந்தது. அவன் போனது 1971இல். உலகில் மருந்து இருந்தது, உறையூரில் அதன் பெயரைக்கூட யாரும் அறியவில்லை. பாட்டி கடைசிவரை கணை என்றும் தோஷம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவுக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்திருக்கிறது. அதை ஒரு நாள்கூட நீ விடக் கூடாது என்று நான் படும் பதற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

காலைப் பயிற்சியைச் செய்கிறாயா? முதலில் உப்புநீர் நெபுலைசர், பிறகு ஆழ மூச்சிழுத்துச் சற்று நிறுத்துவது, பிறகு வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் பலமாக ஊதிச் சளியை மேலே கொண்டுவருவது. சளி வர நான் முதுகைத் தட்டிவிட்ட காலம் போய், பிறர் உதவியின்றி நீயே செய்யக் கற்றுக்கொண்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. நெபுலைசரின் குப்பியையும் முகமூடியையும் கழுவி நன்றாக உலர்த்தி வை. ஈரத்தோடு மூடி வைத்தால் அதிலேயே கிருமி வளரும். சளியின் நிறம் மஞ்சளோ பச்சையோ ஆனால், கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காமல், முதலில் சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து இன்னதென்று காணும் பரிசோதனைக்கு, கொடு. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. ஜியார்டியா என்ற குடல் கிருமி வந்து நீ இளைத்துப் போன வருடத்தை நினைத்துக்கொள்.

இன்னொன்று. புதிய மருத்துவர் யாரிடம் போனாலும் நோயின் பெயரை முதல் வார்த்தையாகச் சொல். காய்ச்சல் என்றதும் டைபாய்டுக்கு விடால், டெங்குவுக்கு ஐ.ஜி.எம். என்று இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் பரிசோதனைகள் உன் விஷயத்தில் பொய் சொல்லும். உன் உடம்பு எதையும் உண்டாக்காததால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். மருந்தோடு வந்த பிறருடைய புரதத்தால் இல்லாத நோய் இருப்பதாகவும் காட்டலாம். கிருமியையே நேராகத் தேடும் கல்ச்சர், பி.சி.ஆர்., டெங்குவுக்கு என்.எஸ்.1 ஆகியவைதான் உனக்குப் பொருந்தும். இதைச் சொல்ல நீ தயங்கினால் மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

தயக்கம் என்றதால் கேட்கிறேன்: அலுவலகத்தில் சொல்லியிருக்கிறாயா? அறைத் தோழர்களிடம்? புதிய இடத்தில் நோயாளி என்று பெயரெடுக்க விரும்பவில்லை என்று போகும்போதே சொன்னாய். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். உன்னோடு படித்தவர்களில் இத்தனை மருத்துவமனை வாசத்துக்கு இடையே இப்படி ஒரு வேலையைப் பிடித்தவர் யார் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் சொல்லாமல் இருப்பதனால் விடுப்புக் கேட்க முடியாமல் போய், விடுப்பு இல்லாததால் மருந்து நாள் நழுவுகிறது என்றால், அந்த மறைப்புக்கு உன் நுரையீரல் விலை கொடுக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒரு நாளை மறுக்கக் கூடிய அலுவலகம் இருக்காது என்றே நம்புகிறேன். சனிக்கிழமை ஏற்றும் இடம் இருக்கிறதா என்று விசாரி. மனத்துக்குப் பிடித்தவர் ஒருவர் உண்டு என்று அக்கா சொன்னாள். என்னிடம் நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரிடம் பாதி மட்டும் சொல்லி வைக்காதே. உன் ஆண் பிள்ளைகளுக்கு இந்நோய் உன்னிடமிருந்து வராது, பெண் பிள்ளைகள் எல்லோரும் மரபணுவைச் சுமப்பார்கள் என்பது வரை முழுவதையும் சொல்.

பணம்தான் காரணம் என்றால் அதையும் மறைக்காதே. கல்விக் கடன் தவணை, வாடகை எல்லாம் எங்களுக்குத் தெரியும். முப்பது கிராம் மருந்துக்கு எவ்வளவு ஆகும் என்பதும் தெரியும். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின் பட்டியலில் உன் நோயும் இருக்கிறது. அதன்கீழ் 50 இலட்சம் ரூபாய் வரை உதவிக்கு வழியுண்டு. விண்ணப்பம் ஏற்கும் மையங்களில் டெல்லி எய்ம்ஸும் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனமும் உண்டு. சண்டிகரில் இந்த வகை நோய்களில் நீண்டகால அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். சதாப்தி வண்டியில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வா. அதுவரை ஆகும் செலவு அப்பாவுடையது. அவருக்கு அதில் வருத்தமில்லை, நீ கேட்காமல் இருப்பதில்தான் வருத்தம்.

இப்போது அங்கே காற்று கெடும் பருவம். பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் தாளைக் கொளுத்தும் புகையும், வண்டிப் புகையும், குளிரில் மேலெழ முடியாமல் நகரத்தின் மேலேயே தங்கிவிடும் என்கிறார்கள். காற்றுத் தர எண் 300ஐத் தாண்டினால் மிக மோசம், 400ஐத் தாண்டினால் கடுமை என்று வகைப்படுத்துகிறார்கள்; தினமும் அந்த எண்ணை நான் இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடியற்காலை நடைப்பயிற்சியை பிப்ரவரி வரை விட்டுவிடு. வெளியே போனால் என்95 முகக்கவசம் அணி, துணி முகக்கவசம் அந்த நுண்துகளைத் தடுக்காது. அறைக்கு ஒரு காற்று வடிகட்டி வாங்கிக்கொள். இவ்வளவு காற்றோடும் மருந்து நாளும் தவறினால் உன் நெஞ்சு எத்தனையைத்தான் தாங்கும்?

அக்காவின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. என்னைப் போலவே அவளும் அந்த நோயின் மரபணுவைச் சுமக்கிறாள். ஐந்தாம் மாதம் நடக்கிறது. மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் நல்லபடியாகவே எடுத்துக்கொண்டார்கள். பிறப்பது ஆண் குழந்தையானால் தொப்புள்கொடி இரத்தத்திலேயே பி செல்களைப் பார்த்துவிடலாம், வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தைத் தவிர்த்து ஊசியைப் போடலாம், தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு தீர்வதற்குள் மருந்தைத் தொடங்கிவிடலாம். அந்தக் குழந்தைக்கு உன் இடது நுரையீரலுக்கு நேர்ந்தது நேராது. இதையெல்லாம் மருத்துவர் சொல்லக் கேட்டும் அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். பிறகு, "தம்பி எப்படி இருக்கான், அவன் வாழ்கிற மாதிரி வாழ்ந்தால் போதும்மா" என்றாள். அவள் முன்னே வைத்துப் பார்ப்பது உன்னைத்தான். நீ ஒழுங்காக மருந்து ஏற்றிக்கொண்டு, வேலைக்குப் போய், நல்ல மூச்சோடு இருப்பதைக் காட்டிலும் பெரிய ஆறுதலை யாரும் அவளுக்குத் தந்துவிட முடியாது. அவளிடம் ஒருமுறை நீயாகவே பேசு. செப்டம்பர் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஏதேனும் தவறியிருந்தால், தவறியதைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் கேட்க மாட்டோம். இந்த வாரத்திலேயே இரத்தத்தில் அளவைப் பார்த்து, மருந்தை ஏற்றிக்கொள். இடைவெளி விட்டு ஏற்றும்போது தலைவலியும் குளிர்நடுக்கமும் கூடுதலாக வரலாம்; முந்தின நாளிலிருந்தே தண்ணீர் நிறையக் குடி, சொட்டை மெதுவாக விடச் சொல், குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஏற்ற விடாதே.

நான் டிசம்பர் முதல் வாரத்திலிருந்து குளிர் முடியும்வரை அங்கே வந்து இருக்கலாம் என்று நினைக்கிறேன். பிரசவத்துக்குள் திரும்பிவிடுவேன். சென்னையிலிருந்து தமிழ்நாடு விரைவு வண்டியில் அப்பா முன்பதிவு செய்துவிட்டார். அறைத் தோழர்களுக்கு இடைஞ்சல் என்றால் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை பார்த்துச் சொல், சமைக்க ஓர் அடுப்பு இருந்தால் போதும். நான் வரக் கூடாது என்று நினைத்தாலும் தயங்காமல் எழுது. ஆனால் அந்தக் கடிதத்தோடு பாட்டில் ஒட்டுச்சீட்டுகளின் படமும் வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா