விருப்ப ஓய்வு கேட்ட நாளில், என் பழைய மேலாளருக்கு

அன்புள்ள சார்,

இன்று காலை விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மண்டல அலுவலகத்தில் அது உங்கள் மேசைக்குத்தான் வரும். பலரும் படிக்கும் இடம் இது; ஊர் பெயரும் வங்கியின் பெயரும் வேண்டாம்.

பேரேடு போய், கிளைகளையெல்லாம் கணினியில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்தது, எல்லோருக்கும் வங்கிக் கணக்கு என்று ஜன் தன் வந்தது. எந்தச் சுற்றறிக்கையைப் படித்தும் நாங்கள் தலையாட்டியதில்லை. நீங்கள் சொன்னீர்கள், செய்தோம்.

2016 நவம்பர். பழைய நோட்டு மாற்ற வரம்பு 4,000 என்றார்கள், 4,500 என்றார்கள், பத்து நாளுக்குள் 2,000 என்றார்கள். கதவை உடைத்துவிடுவார்களோ என்று நான் கேஷ் கவுண்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் வெளியே போய் முக்காலி மேல் ஏறினீர்கள். "உள்ளே ஆறு லட்சம் இருக்கிறது. ஆளுக்கு 2,000 என்றால் முந்நூறு பேருக்கு வரும். மற்றவர்கள் வெயிலில் காய வேண்டாம், நாளைக்கு வாருங்கள்." கையிருப்பைத் தெருவில் சொல்லலாமா என்பதை இங்கே எழுத மாட்டேன். ஒரு பெரியவர் தலைகளை எண்ணிக்கொண்டே போய் முந்நூறாவது ஆளின் தோளைத் தொட்டார். பின்னால் நின்றவர்கள் முனகிக்கொண்டே கலைந்தார்கள்.

தெருவுக்கே கணக்குச் சொன்னவர், எங்கள் ஒன்பது பேரிடம் ஏன் மறைத்தீர்கள்? 2020 ஏப்ரல் 1 அன்று பத்து வங்கிகள் நான்காயின. எதிர்ச்சாரிக் கிளையோடு நம்முடையதைச் சேர்க்கும் பட்டியல் உங்கள் கையில் இருந்தது. "நமக்கு ஒன்றும் ஆகாது" என்றீர்கள். லாக்கர் வைத்திருந்த பாட்டிகளிடம் நானும் அதையே சொன்னேன். கிளையைப் பூட்டிய பிறகு அவர்கள் வந்து கேட்டது என்னிடம்.

உங்கள் வழியனுப்பு விழாவுக்கு வராததற்கு மன்னியுங்கள். வந்திருந்தால் மாலை போட்ட கையோடு இதைக் கேட்டிருப்பேன். அது உங்கள் வீட்டார் முன்னால் நன்றாக இருந்திருக்காது. ரகசிய உத்தரவு, மேலே இருப்பவர்கள், எல்லாம் தெரியும். "இதைப் பற்றி என்னால் பேச முடியாது" என்றாவது சொல்லியிருக்கலாமே சார். புரிந்துகொண்டு வாயை மூடியிருப்போம்.

இப்போதைய மேலாளர் நல்ல மனிதர். ஆனால் புது மென்பொருளோ புது வேலை நேரமோ, அவர் எதைச் சொன்னாலும் சங்கத்துக்குப் போன் போட்டு விசாரித்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுகிறோம். அவர் என்ன பாவம் செய்தார்?

சர்க்கரை மாத்திரையை மதியமும் மறக்காமல் போடுங்கள். நினைவுபடுத்த அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

விண்ணப்பத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்றுதான் எழுதியிருக்கிறேன். கூப்பிட்டு விசாரிக்காமல் அப்படியே மேலே அனுப்பிவிடுங்கள்.