பூவுக்குள் உட்கார்ந்த படம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கலிபோர்னியா பாலைவனப் பூக்களின் படம் பார்த்தேன். படம் அழகுதான். ஆனால் கீழே 'ஒரே ராத்திரியில் பூத்த அதிசயம்' என்று போட்டிருந்தீர்களே, அது உறுத்தியது. 2019 மார்ச்சில் மகள் வீட்டுக்கு சான் டியேகோ போயிருந்தபோது, காரில் இரண்டு மணி நேரம் போய் ஆன்சா பொரேகோ பாலைவனப் பூங்காவில் இதை நேரிலேயே பார்த்தவன் நான்.

ஒரே ராத்திரி எல்லாம் கிடையாது. விதைகள் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கின்றன. பல விதைகளின் தோலில் முளைக்க விடாத ரசாயனம் இருக்கிறது. சும்மா ஒரு தூறலுக்கு அது கரையாது, நல்ல மழை பெய்து கழுவிவிட்டால்தான் முளைக்கும். அப்போதும் எல்லாம் முளைத்துவிடுவதில்லை. பின்னால் மழை ஏமாற்றினாலும் வம்சம் அற்றுப்போகாதபடி ஒரு பங்கு மண்ணிலேயே தங்கிவிடுகிறது, நம் வீடுகளில் விதைநெல்லைத் தனியாக எடுத்து வைத்த மாதிரி.

நாங்கள் போனபோது தரையோடு தரையாக ரோஸ் நிறத்தில் மணல் வெர்பெனா. பேர்தான் வெர்பெனா, குடும்பம் நம்ம மூக்கிரட்டை, அந்திமந்தாரைக் குடும்பம்! நடுநடுவே வெள்ளை வெளேரென்று பிரிம்ரோஸ், சாயங்காலம் மலர்ந்து மறுநாள் வெயில் ஏறினால் வாடிவிடும். ராத்திரியில் ஸ்பிங்ஸ் என்ற பெரிய அந்துப்பூச்சி வந்து அதற்கு மகரந்தம் சேர்க்கிறது, அப்புறம் அதே பூச்சியின் புழுக்கள் அந்தச் செடியையே மொட்டையடிக்கின்றன. அந்தப் புழுக்களைத் தின்ன, அர்ஜென்டினாவிலிருந்து வடக்கே போகும் பருந்துகள் வழியில் இங்கே இறங்குகின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் படத்தில் ஒரு பெண் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் அவை ஒரு பருவம் மட்டுமே வாழும் செடிகள், விதை போடும் முன் நசுங்கினால் அவ்வளவுதான். நாங்களும் யோக்கியர்கள் இல்லை. பேத்தியை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் நாங்கள் மிதித்த இடம் ஒற்றையடிப் பாதையாகக் கிடக்கிறது, அதிலேயே இன்னும் நாலு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. அதே மாதம் அதே கலிபோர்னியாவில் லேக் எல்சினோர் என்ற ஊர்ப் பக்கம் வாக்கர் கேன்யன் பள்ளத்தாக்கில் பாப்பிப் பூக்கள் பார்க்க வந்த கூட்டம் தாங்காமல் வழியை மூடினார்கள். 2023-ல் யாரையும் உள்ளேயே விடவில்லை.

அடுத்த முறை பாதையில் நின்று எடுத்த படமாகப் போடுங்கள். அந்த 'ஒரே ராத்திரி'யையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி