பயிற்றுநர் பயிற்சியில் கேள்வி எழுதவே இவ்வளவு நேரம் ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "கோடிங் நன்றாகத் தெரிந்தவர்களைத்தானே உங்கள் பயிற்றுநர் பயிற்சிக்கு அனுப்புகிறோம். வகுப்பெடுக்கப் பழக்காமல் கேள்வி எழுத வைக்கிறீர்களே?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். அதற்கான விளக்கம் இது.

நன்றாகத் தெரிந்திருப்பதே இங்கே இடைஞ்சல். கைபழகியவருக்குப் பத்துப் படிகள் ஒரே படியாகத் தெரியும். நடுவில் உள்ளதைச் சொல்லாமல் தாண்டிவிடுவார், தாண்டியதும் அவருக்குத் தெரியாது. 1990-இல் ஸ்டான்போர்டில் எலிசபெத் நியூட்டன் செய்த ஆய்வில், சிலர் பிரபலமான பாட்டுகளின் தாளத்தை மேசையில் தட்டினார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் பாட்டைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர்களுடைய கணிப்பு. தட்டிய 120 பாட்டுகளில் 3 மட்டுமே பிடிபட்டன. தட்டியவர் மனதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கேட்டவருக்கு வெறும் தட்டல்தான். வகுப்பில் "இது ரொம்ப ஈஸி" என்ற சொல்லுக்கு நாங்கள் தடை போடுவதும் இதனால்தான். அதைக் கேட்டபின் புரியாதவர் வாய் திறக்கமாட்டார்.

கற்பவர் மனதில் இருப்பதை வெளியே கொண்டுவர நல்ல கேள்வி வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு, மூன்று வரி நிரல் (கோட்): முதல் வரி அ = 5, இரண்டாவது ஆ = அ, மூன்றாவது அ = 10. இப்போது ஆ-வின் மதிப்பு என்ன? 5 என்பது சரி. 10 என்பவர், ஸ்ப்ரெட்ஷீட்டில் நடப்பதுபோல இரண்டும் தொடர்ந்து பிணைந்திருப்பதாக நினைக்கிறார். 'அ' என்ற எழுத்து என்பவர் பெயரையும் மதிப்பையும் குழப்பிக்கொள்கிறார். பிழை வரும் என்பவர் இதை இயற்கணிதச் சமன்பாடாகப் படிக்கிறார். மூவருக்கும் மூன்று வெவ்வேறு விளக்கம் தேவை. விடைத் தெரிவுகளில் ஒப்புக்குச் சேர்த்த தவறான விடை எதையும் காட்டிக்கொடுக்காது. இப்படியொரு கேள்வி அமைவதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை நாங்கள் குறைக்கமாட்டோம்.

விடைகளை வைத்து என்ன செய்வது என்பதற்கு, ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் முறையைப் பின்பற்றுகிறோம். 30 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் சரியாகச் சொன்னால் மறுபடி விளக்க வேண்டும். 70-க்கு மேல் போனால் சுருக்கமாகச் சொல்லி நகரலாம். இடையில் நின்றால், பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு மூன்று நிமிடம் வாதாடவிட்டு மறுபடி விடை கேட்க வேண்டும். சரியான விடையை அதற்குமுன் பயிற்றுநர் முகக்குறிப்பால்கூடக் காட்டக்கூடாது. பலர் சறுக்கும் இடம் இதுதான்.

அடுத்தது நினைவுச் சுமை. செயல்நினைவில், அதாவது யோசிக்கும்போது மனதில் தற்காலிகமாக வைத்திருக்கும் இடத்தில், ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் நிற்கும் என்று 2001-இல் உளவியலாளர் நெல்சன் கோவன் காட்டினார். தொடக்கநிலையாளரிடம் வெற்றுத் திரையைக் கொடுத்து "எழுதுங்கள்" என்றால் அந்த இடம் உடனே நிரம்பிவிடும். ஆகவே முதலில் முழுதாக எழுதிய நிரல், அடுத்து கடைசி இரண்டு வரி விடுபட்டது, பிறகு பாதி, அதன் பின்னரே வெற்றுத் திரை. ஆனால் கைதேர்ந்து வருபவருக்கு முழு எடுத்துக்காட்டுகளையே கொடுத்துக்கொண்டிருந்தால் அதுவே அவருக்குத் தடையாகும். கேள்விக்கு வரும் விடைகளைப் பார்த்து எப்போது குறைப்பது என்று முடிவு செய்யலாம்.

ஒவ்வொரு வகுப்பின் முதல் ஐந்து நிமிடமும் முந்தைய பாடத்திலிருந்து மூன்று கேள்விகளுக்கு. குறிப்பேட்டைப் பார்க்கக்கூடாது, மதிப்பெண்ணும் கிடையாது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர்' என்று ஆட்களைப் பிரித்துப் பாடம் நடத்தும் முறையைச் சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அப்படிப் பிரித்தால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. அதனால் சேர்க்கவில்லை.

பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் தாம் வழக்கமாக நடத்தும் பாடத்திலிருந்து 15 நிமிடப் பகுதி ஒன்றையும், அதற்கான மூன்று கேள்விகளையும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே, அதைத் தேர்பவர் என்ன நினைத்திருப்பார் என்பதை ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும். அந்த வரி காலியாக இருக்கும் கேள்விகளைத்தான் முதல் நாள் காலையில் எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
பயிற்சிக் குழுவினர்