எத்தனை சதவீதம் என்று எழுதிவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தாவர எண்ணெயிலிருந்தும் பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்தும் தயாரித்து டீசலில் கலக்கும் பயோடீசல் பற்றிச் சென்ற இதழில் வந்த தலையங்கம் படித்தேன். 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்ற இலக்கு எங்கோ கிடக்க, நாம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லையே என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் "விவசாயிகள் புதியதை ஏற்கத் தயங்குகிறார்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரி மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

நான் போளூர் வட்டத்தில் விவசாயம் செய்பவன். 2005 வாக்கில் எங்கள் பக்கம், விதை எண்ணெயில் பயோடீசல் எடுக்கலாம் என்று காட்டாமணக்குப் பேச்சு வந்தது. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது, விதையை அப்படியே வாங்கிக்கொள்வார்கள் என்றார்கள். மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டுக்கொண்டிருந்த மூன்று ஏக்கர் கொல்லையில் நட்டேன். தண்ணீர் கட்டாத செடி காய்க்கவில்லை. கட்டிய செடி கொஞ்சம் காய்த்தது. அந்தத் தண்ணீருக்கு மல்லாட்டையே போட்டிருக்கலாம். காய்த்ததை வாங்கவும் ஆள் வரவில்லை. நாலாம் வருஷம் வேரோடு பிடுங்கிப் போட்டேன். 2009இல் வந்த அரசின் கொள்கை, 2017க்குள் 20 சதவீதம் கலப்போம் என்றது. 2018 கொள்கையில் அது 5 ஆகி, கெடுவும் 2030க்குப் போனது. நடுவில் எங்கள் கொல்லைகளில் போன வருஷங்களுக்குக் கணக்கு எதுவும் இல்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினை மல்லாட்டை எண்ணெயில்தான் ஓட்டிக் காட்டினார்களாம். அதைப் பின்னாளில் படித்தபோது பிடுங்கிய கொல்லைதான் நினைவுக்கு வந்தது.

அவ்வளவு பட்டும் நான் பயோடீசலை விடவில்லை. ஐந்து வருஷமாக என் 42 குதிரைத்திறன் டிராக்டரை 20 சதவீதக் கலவையில் ஓட்டுகிறேன். பயன்படுத்திய சமையல் எண்ணெயில் பயோடீசல் தயாரிக்கும் ஒருவரிடம் பரிசோதனைச் சான்றோடு வாங்கிக் கலக்கிறேன். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு ஓட்டும்போது புகை குறைந்திருப்பது பக்கத்து வரப்பில் நிற்பவருக்கே தெரியும். இழுவையில் குறை தெரியவில்லை. லிட்டருக்கு லிட்டர் பயோடீசலில் சக்தி கொஞ்சம் குறைவுதான் என்றாலும் 20 சதவீதக் கலவையில் அது ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு மேல் போகாது. இன்ஜினுக்கு டீசலைத் தள்ளும் பம்பின் சத்தம் மட்டுப்பட்டிருக்கிறது. 2020 முதல் வரும் டீசலில் கந்தகத்தை வெகுவாக நீக்கிவிடுகிறார்கள். நீக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் போய்விடுகிறது. பயோடீசல் சிறிதளவு கலந்தாலே அது திரும்பிவிடும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார்.

இதிலுள்ள சங்கடங்களையும் மறைக்க மாட்டேன். முதல் டேங்க் தீர்வதற்குள் டீசல் ஃபில்டர் அடைத்து, நடுக்கழனியில் வண்டி நின்றது. பயோடீசல், டேங்கின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த கசடையெல்லாம் கரைத்துக் கொண்டுவந்துவிட்டது. புது ஃபில்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்திருந்தால் அரை நாள் மிஞ்சியிருக்கும். அப்பா காலத்துப் பழைய டிராக்டரில் ரப்பர் டீசல் டியூப் ஊதிப் பிசுபிசுத்துக் கசிந்தது. அதற்கேற்ற டியூபாக மாற்ற வேண்டியிருந்தது. உழவு முடிந்து மூன்று மாதம் கலவையோடு வண்டியை நிறுத்திவைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. பயோடீசல் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் கெட்டுப் பிசினாகும். லாரி தினமும் ஓடுகிறது. டிராக்டர் பட்டத்துக்குப் பட்டம், அதாவது சாகுபடிப் பருவத்தில்தான் ஓடுகிறது. இந்த வித்தியாசத்தை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்போதெல்லாம் நிறுத்துவதற்கு முன் கடைசி டேங்கை வெறும் டீசலில் ஓட்டிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் உள்ள உறவினர் வீட்டில் ஒரு மார்கழி விடியலில், கலக்காமல் கேனில் வைத்திருந்த பயோடீசல் நெய்யாக உறைந்திருந்தது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பொரிப்பது பாமாயிலில் என்பதால் குளிர் தாங்காது.

இவையெல்லாம் கற்றுக்கொண்டால் சமாளிக்கக்கூடியவை. கலப்படம் அப்படியல்ல. ஒரு அறுவடை நேரத்தில் எனக்கு வழக்கமாகத் தருபவரிடம் சரக்கு இல்லை. டேங்கர் கொண்டுவந்து ஊருக்கு வெளியே நிறுத்திய ஒருவர் "பயோடீசல்" என்று விலை குறைத்துக் கொடுத்தார். ஏமாந்து வாங்கினேன். இரண்டாம் நாளே இழுவை போனது. பம்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கீறல் விழுந்திருந்தது. டேங்கில் இருந்ததை முகர்ந்த மெக்கானிக், பெயின்ட் தின்னர் வாடை அடிக்கிறது என்றார். பம்ப் செலவைவிட, அந்த ஆறு நாளும் மழை மேகத்தைப் பார்த்தபடி முற்றிய நெல் வயலில் நின்றதுதான் என்னை வாட்டியது. 2021இல் குஜராத்தில் பயோடீசல் என்ற பெயரில் வேறு எதையோ விற்ற எரிபொருள் பங்குகளைப் போலீஸ் தேடித் தேடி மூடியது. அந்தச் செய்தியைப் படித்தவன்தான் நான். படித்தும் ஏமாந்தேன் என்றால், படிக்காதவர்களை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு வகைக் குழப்பமும் ஊரில் இருக்கிறது. பக்கத்துக் கழனிக்காரர் ஒருவர் பஜ்ஜிக் கடை எண்ணெயைத் துணியில் வடிகட்டி அப்படியே டேங்கில் ஊற்றினார். சமையல் எண்ணெய் டீசலைப் போலப் பத்து மடங்கு கெட்டியானது. இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலில் கரி பிடித்து, பிஸ்டன் ரிங் ஒட்டிப்போனது. அந்த எண்ணெயை மெத்தனால், காஸ்டிக் சோடாவோடு சேர்த்து வினைப்படுத்தி, அடியில் இறங்கும் கிளிசரினைப் பிரித்துக் கழுவிய பிறகுதான் அது பயோடீசல். இதை வீட்டிலேயே செய்யலாம் என்று காட்டும் காணொளிகளை யாரும் நம்ப வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது இதே மெத்தனால்தான். குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைக்கும் பொருளா அது?

ஆக, என் கோரிக்கை எளியது. பங்கில் விற்கும் டீசலில் பயோடீசல் எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்று பம்பின் மேலேயே எழுதிவையுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரண டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோடீசல் இருக்கலாம். 20 சதவீதம் வரையிலான கலவைக்குத் தனித் தரம் உண்டு. கலக்காத பயோடீசலுக்கும் உண்டு. இத்தனை தரம் வகுத்தவர்கள் வாங்குபவன் கண்ணில் படும்படி ஒரு எண்ணை எழுதக் கூடாதா? எங்கள் பக்கத்துப் பங்குகளில் நான் பார்த்தவரை அப்படி ஒரு பலகை இல்லை. எத்தனை என்று தெரிந்தால்தான் ஃபில்டரை எப்போது மாற்றுவது, வண்டியை எத்தனை நாள் நிறுத்தலாம் என்று முடிவுசெய்ய முடியும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்கள் கடுமையான புகை விதிகளின் கீழ் வருகின்றன. அவற்றிலுள்ள மின்னணு பம்பும் நாசிலும் துளி ஈரத்தைக்கூடப் பொறுக்காது. வாரன்டி புத்தகத்தில் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு அளவு போட்டிருக்கிறார்கள். டேங்கில் இருப்பது எவ்வளவு என்றே தெரியாதவன் எந்த அளவை மீறினான் என்று எப்படிச் சொல்வது?

வேளாண்மைப் பொறியியல் துறை, பட்டம் தொடங்கும் வாரத்தில் வட்டத்துக்கு ஒரு நாள் எரிபொருள் பரிசோதனை முகாம் வைத்தால் டேங்கர் வியாபாரிகள் தாமாகவே ஊரைவிட்டுப் போவார்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் ஒரு வார்த்தை: திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் துருவப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று 2018லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் பெரிய கடைகளில் கறுத்த எண்ணெய் சின்னக் கடைகளுக்குக் கைமாறி, பள்ளி வாசலில் போண்டாவாக வருகிறது. அது குழந்தைகள் வயிற்றுக்குப் போகாமல் என் டிராக்டருக்கு வரட்டும்.

நாட்டின் டீசலில் 5 சதவீதம் என்றால் வருஷத்துக்குச் சுமார் 500 கோடி லிட்டர். பழைய எண்ணெய் மட்டும் அதற்குப் போதாது, மறுபடியும் எங்களிடம் செடி நடச் சொல்லி வருவார்கள் என்று தெரியும். எண்ணெய் எடுக்க ஏரிக்கரைப் புங்கமரங்களின் கொட்டையைப் பொறுக்கித் தர நாங்கள் தயார். விளைநிலத்தில் நட வேண்டுமென்றால் வாங்கும் விலையை முதலில் எழுத்தில் தரட்டும்.

என் டிராக்டர் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் வெள்ளை பெயின்டில் "20" என்று எழுதி, கலந்த தேதியையும் சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறேன். ஓட்டுகிற பையன் மாறினாலும் பார்த்தவுடன் தெரியும். பங்கிலும் அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டிராக்டர் விவசாயி,
போளூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.