மூக்குப்பேணி குடுத்துவிடுறன், ஆனா ஒரு கதை இருக்கு

என்ரை குஞ்சு,

நீ கேட்ட மூக்குப்பேணி, அதுதான் அண்ணாந்து தண்ணி குடிக்கிற மூக்கு வைச்ச பேணி, அம்பிட்டிட்டுது, அடுப்படித் தட்டிலை பழைய சருவத்துக்குள்ளை கிடந்தது. பழப்புளி போட்டு மினுக்கினன், மூக்கடியிலை இருக்கிற நெளிவு மட்டும் போகேல்லை. அதைத் தட்டி நிமித்திப்போடாதை.

நீ வாட்ஸ்அப்பிலை அனுப்பின பெயின்டிங் பார்த்தன். அப்பம்மா பேணியோட நிக்கிறா, பின்னாலை 95இலை சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வுச் சனம். வடிவாத்தான் இருக்கு பிள்ளை, ஆனா ஏன் எல்லாரும் அழுதுகொண்டு நிக்கினம்? ஒக்டோபர் 30 இரவு ஆருக்கு அழ நேரம் இருந்தது, செம்மணி வெளியிலை கால் வைக்க இடமில்லை, மழை வேறை, நாவற்குழிப் பாலம் தாண்டவே விடிஞ்சுபோச்சு, அப்பான்ரை சைக்கிள் பாரிலை நாலு வயசு நீ, தண்ணி தண்ணி எண்டு ஒரே அனுங்கல். குடையை மல்லாத்திப் பிடிச்சு மழைத்தண்ணி ஏந்தி அந்தப் பேணியிலை விட்டுத்தான் பருக்கினது. நெளிவும் அண்டைக்கு ஹாண்டிலிலை அடிபட்டு வந்ததுதான்.

மற்றது, இது போனிலை சொல்லேலாமல்தான் எழுதுறன். பேணிக்குக் கீழை "எங்கட விருந்தோம்பல்" எண்டு எழுதிப் போடப்போறன் எண்டாய். அது எல்லாருக்கும் நீட்டின பேணி இல்லை பிள்ளை. அண்ணாந்து குடிக்கிறதே வாய் படாமல் இருக்கத்தான். சொந்தக்காரருக்குப் பேணி, வேலி அடைக்க வாறவைக்கும் கள்ளுச் சீவ வாறவைக்கும் சிரட்டை. 68இலை மாவிட்டபுரம் கோயிலுக்குள்ளை விடச்சொல்லி அந்தச் சனம் போராடினதை அப்பம்மா பேப்பரிலை வாசிச்சவதான், எண்டாலும் அவவின்ரை சிரட்டை மாறேல்லை.

அண்டைக்கு இரவு எங்களுக்குப் பக்கத்திலை மூட்டையோட நிண்டது எங்கட வளவிலை சிரட்டையிலை குடிச்ச ஒரு அக்காதான். அவவின்ரை பெடியனும் தண்ணிக்கு அழுதான். அப்பம்மா ஒண்டும் கதைக்காமல் பேணியை அவன்ரை கையிலை குடுத்தா, அவன் வாய் வைச்சுத்தான் குடிச்சவன். இனி எல்லாம் சரி எண்டு நான் நினைச்சன்.

96இலை திரும்பி வந்தாப்பிறகு அந்த அக்கா முத்தம் கூட்ட வந்தா. அப்பம்மா புதுசா ஒரு சில்வர் கப் எடுத்துத் தேத்தண்ணி குடுத்தா. குடிச்சு முடிய அந்த அக்காவே கழுவி வெளித் திண்ணையிலை கவிட்டு வைச்சிட்டுப் போனவ. நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.

இதையும் சேர்த்து எழுதுவியோ எண்டு ஒருக்கா யோசிச்சுச் சொல்லு. மாமா வாற கிழமை ரொறன்ரோ வெளிக்கிடுறார், பேணிக்குள்ளை பனங்கட்டிக் குட்டானும் வைச்சுக் கட்டியிருக்கிறன்.

அம்மா